பூமிக்கு அப்பால் ஒரு வீடு உண்டா? ஞாயிற்றுத் தொகுதியில் உயிர் வாழும் சூழலும் மனிதரின் விண்வெளிப் பயணமும்

செவ்வாயில் நகரம் அமைக்கலாம், பூமி அழிந்தாலும் மனித இனம் அங்கே பிழைத்துக்கொள்ளும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. புலம்பெயர் நாடுகளில் பாடசாலை செல்லும் எங்கள் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொண்டு வந்து, "அப்பா, நாங்களும் ஒருநாள் செவ்வாய்க்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வதற்கு முன் மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உயிர் வாழ என்னென்ன தேவை? அவை ஞாயிற்றுத் தொகுதியில் எங்கெங்கே இருக்கின்றன? மனிதர் அங்கே போய் வாழ முடியுமா? இந்த மூன்றையும் பற்றி இன்று அறியப்பட்டவற்றை இக்கட்டுரை சுருக்கமாகத் தருகிறது.

உயிருக்கு என்ன வேண்டும்?

நாம் அறிந்த உயிர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அது பூமி. ஆகவே உயிருக்குத் தேவையானவை எவை என்பதைப் பூமியை வைத்தே அறிவியலாளர்கள் கணிக்கிறார்கள். முதலாவது, திரவ நிலையில் உள்ள நீர். இரண்டாவது, காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன், பொசுபரசு, கந்தகம் ஆகிய மூலகங்கள். மூன்றாவது, உயிர் தன் வேலைகளைச் செய்வதற்கான சக்தி. நான்காவது, இவை யாவும் நெடுங்காலம் குலையாமல் இருத்தல்.

சூரியனிலிருந்து பூமி ஏறத்தாழ 150 மில்லியன் கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இந்தத் தொலைவில், போதிய வளிமண்டலம் இருந்தால், நீர் ஆவியாகிப் போகாமலும் முழுதாக உறைந்துவிடாமலும் இருக்கும். முன்னர், இப்படியான இடைப்பட்ட வலயத்தில் மட்டுமே உயிர் இருக்கலாம் என்று நம்பினார்கள். 1977 இல் அந்த நம்பிக்கை அசைந்தது. கலாபகோசுத் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கிய ஆய்வாளர்கள், சூரிய ஒளி எட்டாத ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுக்களைச் சுற்றி உயிரினங்கள் கூட்டமாக வாழ்வதைக் கண்டார்கள். பூமியின் உள்ளிருந்து வரும் இரசாயனப் பொருட்களே அங்குள்ள நுண்ணங்கிகளுக்குச் சக்தியைக் கொடுக்கின்றன. சூரிய ஒளி இல்லாவிட்டாலும் உயிர் வாழலாம் என்பது அன்று தெளிவானது. ஞாயிற்றுத் தொகுதியில் உயிரைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலும் அன்றோடு நீண்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நுண்ணங்கி வாழக்கூடிய இடம் வேறு, மனிதர் வாழக்கூடிய இடம் வேறு. பூமியில் ஏறத்தாழ 3.5 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரே நுண்ணங்கிகள் இருந்தன. ஆனால் அன்றைய பூமிக்கு நாம் போயிருந்தால் மூச்சுவிட முடியாமல் இறந்திருப்போம். ஏனெனில் காற்றில் ஒட்சிசன் இருக்கவில்லை. ஒளித்தொகுப்புச் செய்யும் நுண்ணங்கிகளே அதைச் சிறிது சிறிதாக உண்டாக்கின. ஏறத்தாழ 2.4 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர்தான் அது வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது. இன்று காற்றில் 21 வீதமாக உள்ள ஒட்சிசன் உயிர்கள் உண்டாக்கிய சொத்து. வேறு எந்தக் கோளிலும் இப்படி மூச்சுவிடக்கூடிய காற்று இல்லை.

அயலில் இருப்பவை: வெள்ளியும் சந்திரனும்

பருமனிலும் நிறையிலும் பூமிக்கு மிகவும் ஒத்த கோள் வெள்ளி. ஆனால் அதன் வளிமண்டலத்தில் 96 வீதம் காபனீரொட்சைட்டு. அந்த வாயு வெப்பத்தைச் சிறைப்பிடித்து வைத்திருப்பதால் தரையின் வெப்பநிலை 460 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. ஈயம் அங்கே உருகிவிடும். தரையில் அமுக்கம் பூமியில் உள்ளதைப் போல 90 மடங்குக்கும் அதிகம். 1982 மார்ச் 1 இல் அங்கு இறங்கிய சோவியத்தின் வெனேரா 13 விண்கலம் 127 நிமிடங்கள் மட்டுமே தாக்குப்பிடித்தது. தரையிலிருந்து 50 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பமும் அமுக்கமும் பூமியை ஒத்திருக்கின்றன. ஆனால் அங்குள்ள முகில்கள் சல்பூரிக் அமிலத்தாலானவை.

சந்திரன் எங்களிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. வளிமண்டலம் என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. ஆனால் நீர் இருக்கிறது. 2008 ஒக்ரோபர் 22 இல் இந்தியா ஏவிய சந்திரயான் 1 விண்கலத்தில் நாசாவின் கருவி ஒன்றும் சென்றது. சந்திர மேற்பரப்பில் நீரின் மூலக்கூறுகள் இருப்பதற்கான சான்றை அக்கருவி தந்தது. 2009 செப்டெம்பரில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் பொள்ளாச்சிக்கு அருகேயுள்ள கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. 2023 ஓகஸ்ட் 23 இல் சந்திரனின் தென்முனைப் பகுதிக்கு அருகே தரையிறங்கிய சந்திரயான் 3 திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். சந்திர மண்ணைப் போன்ற மண்ணைச் செய்து தரையிறங்கும் கலத்தைச் சோதிப்பதற்கு நாமக்கல் பகுதியின் பாறைகளே பயன்பட்டன. சந்திர மேட்டுநிலப் பாறையின் தன்மை அவற்றுக்கு இருந்தமையே காரணம்.

சந்திரயான் 3 இறங்கிய இடத்தில் பகலில் மேற்பரப்பு வெப்பநிலை 50 பாகைக்கு மேல் இருந்தது. அதே இடத்தில் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் அது சுழியத்துக்குக் கீழ் 10 பாகை அளவுக்கு இறங்கியிருந்தது. காற்று இல்லாத உலகின் இயல்பு இதுதான். தென்முனையில் சூரிய ஒளியே படாத பள்ளங்களில் பனிக்கட்டி கிடக்கிறது. அதைக் குடிநீராகவும், பிரித்து ஒட்சிசனாகவும், றொக்கெட் எரிபொருளாகவும் ஆக்கலாம் என்பதனாலேயே இன்று பல நாடுகள் அப்பகுதியை நாடுகின்றன.

செவ்வாய்: ஒருகாலத்தில் ஆறு ஓடிய நிலம்

செவ்வாயில் வற்றிய ஆற்றுப் படுக்கைகளும் ஏரிகளின் அடையாளங்களும் தெளிவாகத் தெரிகின்றன. 2012 ஓகஸ்ட் மாதம் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியோசிற்றி ஊர்தி, நுண்ணங்கிகள் வாழத்தக்க நன்னீர் ஏரி அங்கே ஒருகாலத்தில் இருந்ததை உறுதிசெய்தது. அந்த நீர் என்னவானது? செவ்வாய் சிறிய கோள். அதன் உட்பகுதி விரைவில் குளிர்ந்து, கோள் முழுவதையும் சூழ்ந்திருந்த காந்தப்புலம் ஏறத்தாழ 4 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் மறைந்தது. பின்னர் சூரியனிலிருந்து வீசும் துகள்கள் வளிமண்டலத்தைச் சிறுகச் சிறுக அரித்துச் சென்றன. நீரின் ஒரு பகுதி விண்வெளிக்குப் போனது. எஞ்சியது நிலத்தினுள்ளும் முனைகளிலும் உறைந்து கிடக்கிறது.

இன்று செவ்வாயின் வளியமுக்கம் பூமியில் உள்ளதன் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த மெல்லிய காற்றிலும் 95 வீதம் காபனீரொட்சைட்டு. சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 60 பாகை அளவில் உள்ளது. ஈர்ப்பு பூமியின் 38 வீதம் மட்டுமே. அமுக்க உடை இல்லாமல் வெளியே நின்றால் உடலின் வெப்பத்திலேயே வாயிலும் கண்ணிலும் உள்ள ஈரம் கொதித்து ஆவியாகும். 2008 இல் வடமுனைப் பகுதியில் இறங்கிய பீனிக்ஸ் விண்கலம் மண்ணுக்கடியில் பனிக்கட்டியைக் கண்டது. கூடவே பெர்குளோரேட் என்ற உப்பையும் கண்டது. அது மனிதரின் தைரொயிட் சுரப்பியைப் பாதிக்கும் நச்சு. ஆகவே அந்த மண்ணில் அப்படியே கத்தரியும் மிளகாயும் நட்டு உண்ண முடியாது. முதலில் மண்ணைக் கழுவ வேண்டும்.

செவ்வாயில் உயிர் இருக்கிறதா? 1976 யூலை 20 இல் இறங்கிய வைக்கிங் 1 முதன்முதலில் மண்ணைச் சோதித்தது. ஒரு சோதனை உயிர் இருப்பதுபோலக் காட்டியது. ஆனால் மற்றவை அதற்குத் துணை நிற்கவில்லை. மண்ணின் இரசாயனமே காரணம் என்பது பெரும்பாலானோரின் முடிவு. 2021 பெப்ரவரி 18 இல் யெசரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, 2024 இல் புள்ளிகள் நிறைந்த ஒரு பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. பூமியில் அத்தகைய புள்ளிகள் நுண்ணங்கிகளின் செயலால் உண்டாவதுண்டு. உயிரின் அடையாளமாக இருக்கக்கூடும் என்று 2025 செப்டெம்பரில் நாசா அதனை அறிவித்தது. உயிரின்றியும் அவை உண்டாகியிருக்கலாம். மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவந்து ஆராயாமல் இதனைத் தீர்த்துச் சொல்ல முடியாது.

பனிக்கு அடியில் கடல்கள்

வியாழனுக்கும் சனிக்கும் அருகே சூரிய வெப்பம் மிகக் குறைவு. ஆயினும் உயிரைத் தேடுவோரின் கவனம் இன்று அங்கேதான் திரும்பியுள்ளது. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் மேற்பரப்பு முழுவதும் பனி. அதற்கு அடியில் உப்புக்கடல் ஒன்று இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. பூமியின் எல்லாக் கடல்களிலும் உள்ளதைப்போல இருமடங்கு நீர் அங்கே இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். வியாழனின் ஈர்ப்பு அத்துணைக்கோளை இழுத்தும் தளர்த்தியும் பிசைவதால் உண்டாகும் வெப்பமே கடலை உறையவிடாமல் காக்கிறது. 2024 ஒக்ரோபர் 14 இல் நாசா ஏவிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 இல் வியாழனை அடைய வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2023 ஏப்ரல் 14 இல் ஏவிய யூஸ் விண்கலம் 2031 இல் அங்கு சேரவுள்ளது.

சனியின் துணைக்கோளான என்செலடசு 500 கிலோமீற்றர் விட்டமுள்ள சிறிய பனி உருண்டை. அதன் தென்முனை வெடிப்புக்களிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிடுவதை 2005 இல் கசினி விண்கலம் கண்டது. அந்தப் பீறலில் உப்பும் காபன் சேர்வைகளும் இருந்தன. ஐதரசன் இருப்பது 2017 இலும், பொசுபேற்று இருப்பது 2023 இலும் வெளியிடப்பட்டன. அதாவது நீர், மூலகங்கள், சக்தி ஆகிய மூன்றுக்கும் அங்கே சான்று உண்டு. உயிர் உண்டா என்பதற்கு மட்டும் இன்னும் சான்று இல்லை.

சனியின் இன்னொரு துணைக்கோளான ரைற்றனில் பூமியை விட அடர்ந்த நைதரசன் வளிமண்டலம் உள்ளது. 2005 யனவரி 14 இல் ஐரோப்பாவின் ஹைகன்ஸ் கலம் அங்கு இறங்கியது. மழையும் ஆறும் ஏரியும் அங்கே உண்டு. ஆனால் அவை நீர் அல்ல. சுழியத்துக்குக் கீழ் 179 பாகைக் குளிரில் திரவமாக இருக்கும் மெதேன்.

தன் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், 2017 செப்டெம்பர் 15 இல் கசினி வேண்டுமென்றே சனியினுள் வீழ்த்தி எரிக்கப்பட்டது. கட்டுப்பாடிழந்து என்செலடசிலோ ரைற்றனிலோ மோதினால், பூமியிலிருந்து ஒட்டிச் சென்ற நுண்ணங்கிகள் அங்கே பரவிவிடக்கூடும் என்ற அச்சமே காரணம். 1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையும் பிற உலகங்களைத் தீங்கான முறையில் மாசுபடுத்தக்கூடாது என்கிறது. எந்த நாடும் சந்திரனையோ வேறு கோள்களையோ தன் ஆள்புலமாக உரிமை கோரக்கூடாது என்பதும் அதே உடன்படிக்கையின் விதி.

மனித உடல் விண்வெளியில்

1961 ஏப்ரல் 12 இல் யூரி ககாரின் 108 நிமிடப் பயணத்தில் பூமியைச் சுற்றி வந்தார். 1969 யூலை 20 இல் அப்பலோ 11 சந்திரனில் இறங்கியது. 1972 டிசம்பரில் அப்பலோ 17 திரும்பும்வரை 12 பேர் அங்கே நடந்தார்கள். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் அங்கே காலடி வைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் 2 முதல் மனிதர் இடைவிடாது வாழ்ந்து வருகிறார்கள். உடல் விண்வெளியில் என்னவாகிறது என்பதை நாம் அங்கிருந்தே கற்றோம்.

எடை தெரியாத நிலையில் உடலைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 வீதம் வரை அடர்த்தியை இழக்கின்றன. தசைகள் மெலிகின்றன. இதைக் குறைக்கவே அங்குள்ளவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். உடல் திரவம் தலைப்பக்கம் ஏறுவதால் சிலரின் பார்வை மங்குகிறது. ஒரே தடவையில் மிக நீண்டகாலம் தங்கியவர் ரஷ்யாவின் வலேரி பொலியாகொவ். 1994 - 1995 காலத்தில் மிர் நிலையத்தில் 437 நாட்கள் இருந்தார். செவ்வாய்க்குப் போய்வர இதைப்போல இருமடங்கு காலம் வேண்டும்.

காற்று எவ்வளவு பெறுமதியானது என்பதை 1971 யூன் 30 காட்டியது. சோயுஸ் 11 பூமிக்குத் திரும்பும்போது ஓர் அடைப்பு உரிய நேரத்துக்கு முன் திறந்து, அறையில் இருந்த காற்று முழுவதும் வெளியேறியது. டொப்ரொவொல்ஸ்கி, வொல்கொவ், பற்சாயெவ் ஆகிய மூவரும் இறந்தார்கள். கலம் பழுதில்லாமல் தரையிறங்கியது. கதவைத் திறந்தவர்கள் இருக்கைகளில் உயிரற்ற உடல்களையே கண்டார்கள்.

செவ்வாய்ப் பயணத்தின் கணக்கு

சந்திரனுக்குப் போக மூன்று நாள் போதும். செவ்வாய், கோள்கள் நிற்கும் நிலையைப் பொறுத்து, 55 மில்லியன் முதல் 400 மில்லியன் கிலோமீற்றர் வரை தொலைவில் இருக்கும். இன்றைய றொக்கெட்டுகளில் ஒருவழிப் பயணத்துக்கு ஏழு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். பயணத்துக்கு ஏற்ற காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே போனவர்கள் உடனே திரும்ப முடியாது. போய், தங்கி, திரும்ப ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தேவை. இடையில் குடல்வால் அழற்சி வந்தாலும் பல் உடைந்தாலும் கலத்தில் இருப்பவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வியை அனுப்பினால், அது பூமியை அடைய 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். பதில் வர மீண்டும் அவ்வளவு நேரம்.

இதைவிடப் பெரிய இடர் கதிர்வீச்சு. பூமியில் காந்தப்புலமும் தடித்த வளிமண்டலமும் எங்களைக் காக்கின்றன. இயற்கையாக ஓர் ஆண்டில் ஒருவர் பெறும் அளவு சராசரியாக 2.4 மில்லிசீவேட். கியூரியோசிற்றி செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அளந்தது நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவேட். தரையிறங்கிய பின் நாளொன்றுக்கு 0.67. இதன்படி, 500 நாட்கள் தங்கித் திரும்பும் ஒருவர் ஏறத்தாழ 1,000 மில்லிசீவேட் பெறுவார். நாசா ஒரு விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்துள்ள எல்லை 600. இந்த இடைவெளியை மூடும் வழி இன்னும் கைக்கு வரவில்லை. செவ்வாயில் குடியிருப்போர் மண்ணுக்கு அடியிலோ குகையிலோதான் பெரும்பாலான நேரத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் ஒரு குழந்தை கருவுற்று, பிறந்து, வளர முடியுமா என்பதை யாரும் சோதித்ததில்லை. நகரம் அமைப்பது பற்றிப் பேசுவோர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

மூடிய உலகைச் செய்துபார்த்தவர்கள்

பூமியிலேயே ஒரு சிறு உலகத்தைக் கண்ணாடிக்குள் அமைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் அமைந்த பயோஸ்பியர் 2 இனுள் 1991 செப்டெம்பர் 26 இல் எட்டுப் பேர் நுழைந்து இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். காடு, சிறு கடல், தோட்டம் எல்லாம் உள்ளே இருந்தன. ஆனால் ஒட்சிசன் மெல்லமெல்லக் குறைந்து, 16 மாதங்களில் ஏறத்தாழ 14 வீதத்துக்கு இறங்கியது. வளமான மண்ணில் இருந்த நுண்ணங்கிகள் ஒட்சிசனை அதிகமாக உள்ளெடுத்தன. அவை வெளிவிட்ட காபனீரொட்சைட்டைச் சுவரின் கொங்கிறீற்று உறிஞ்சியது. அதனால் தாவரங்கள் அதைத் திரும்ப ஒட்சிசனாக மாற்ற வழியில்லாமல் போனது. 1993 யனவரியில் வெளியிலிருந்து ஒட்சிசன் செலுத்த வேண்டியதாயிற்று. அரிசோனாவில் அது முடிந்தது. செவ்வாயில் அதைச் செலுத்த யார் வருவார்?

முன்னேற்றம் இல்லை என்பதல்ல. விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் ஆகியவற்றிலிருந்து 98 வீதம் நீரை மீட்கும் நிலையை 2023 இல் எட்டினார்கள். பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மொக்சி என்ற கருவி, செவ்வாயின் காபனீரொட்சைட்டிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் காட்டியது. 16 தடவைகள் இயங்கி அது உண்டாக்கியது மொத்தம் 122 கிராம். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் வேண்டும். அதாவது ஒருவர் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடப் போதுமான ஒட்சிசன். வழி சரியானது, ஆனால் போக வேண்டிய தூரம் அதிகம்.

ஞாயிற்றுத் தொகுதிக்கு வெளியே

1977 செப்டெம்பர் 5 இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 இன்று மனிதர் அனுப்பிய பொருட்களில் மிகத் தொலைவில் உள்ளது. வினாடிக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியும், மிக அருகிலுள்ள நட்சத்திரத்தின் தொலைவைக் கடக்க அதற்கு 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே மனிதர் உடலோடு போகக்கூடிய இடங்கள் என்று இன்று எண்ணத்தக்கவை ஞாயிற்றுத் தொகுதிக்குள்ளேயே உள்ளன.

அக்கலத்தில் உள்ள பொன் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துக்கள் பதியப்பட்டுள்ளன. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. குறுகிய காலத்தில், பெரும்பாலும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகச் சூழலில் கிடைத்த பேச்சாளர்களை வைத்தே பதிவுசெய்தார்கள். அந்த இடத்தில் அந்த நாட்களில் ஒரு தமிழரின் குரல் பதிவாகாமல் போனது, அவ்வளவுதான். இன்று எங்கள் பிள்ளைகள் அத்தகைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிக்கிறார்கள். அடுத்த தட்டு ஒன்று போகும்போது அருகில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

ஞாயிற்றுத் தொகுதியில் வேறு உயிர் இருக்கலாம். இருந்தால் அது பெரும்பாலும் நுண்ணங்கியாக, செவ்வாயின் நிலத்தடியிலோ யூரோப்பா, என்செலடசு ஆகியவற்றின் கடல்களிலோ இருக்கும். அதைக் கண்டால், உயிர் பூமிக்கு மட்டும் வாய்த்த விபத்து அல்ல என்று தெரியவரும். மனிதர் மீண்டும் சந்திரனில் இறங்குவார்கள், செவ்வாய்க்கும் ஒருநாள் போவார்கள். ஆனால் அது அந்தாட்டிக்காவில் ஆய்வு நிலையம் வைத்திருப்பதைப் போன்றது. சிலர் சென்று, வேலைசெய்து, திரும்புவார்கள். பூமியில் உள்ள 8 பில்லியன் மக்களும் தப்பி ஏறும் கப்பலாக அது ஒருபோதும் இருக்காது.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது புரியாத விடயம் அல்ல. போன இடத்தில் குளிர் இருந்தது, மொழி புதிது, தொழில் புதிது. ஆனாலும் மூச்சுவிடக் காற்று இருந்தது, குழாயைத் திறந்தால் நீர் வந்தது, மண்ணில் நட்டது முளைத்தது. அந்த மூன்றும் பூமிக்கு வெளியே எந்த நாட்டிலும் கிடைக்காது. பிள்ளை செவ்வாய்க்குப் போக ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். கணிதமும் இரசாயனமும் உயிரியலும் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே போனாலும், இங்கேயே இருந்து இந்தப் பூமியைக் காத்தாலும், அந்தப் படிப்புத்தான் தேவைப்படும்.